வாய் வறட்சியா? உமிழ்நீரைச் சுரக்கத் தூண்டும் தெளிப்பு மருந்துகளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

வாய் அடிக்கடி காய்ந்துபோகிறதா? கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைக் கோப்பியில் நனைக்காமல் விழுங்க முடியவில்லையா? இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தூக்கம் கலைகிறதா? தொலைபேசியில் பேசும்போது பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறதா?

மூத்தோர் பலருக்கு இப்படி நேர்கிறது. “வயதானால் அப்படித்தான்” என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வாய் வறட்சிக்கு வயது மட்டும் காரணமன்று. அதற்கென்று காரணங்கள் உள்ளன. அவற்றைக் கண்டறியலாம். சிரமத்தைக் குறைக்கவும் வழிகள் உண்டு. ஸ்ப்ரே எனப்படும் தெளிப்பு மருந்து அவற்றுள் ஒன்று. அது எப்படி வேலை செய்கிறது, யாருக்கு எந்த வகை பொருந்தும், எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டியவை

• வாய் வறட்சிக்காக நீங்கள் உட்கொள்ளும் எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.
• வாய் வறட்சிக்கான தெளிப்பு மருந்துகளில் இரண்டு வகை உண்டு. வாங்கும் முன் உங்களுக்கு எது ஏற்றது என்று பல் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள்.
• உங்களுக்குச் சொந்தப் பற்கள் இருந்தால், புளிப்புச் சேர்ந்த தெளிப்பு மருந்தைக் கவனத்துடன் பயன்படுத்த வேண்டும்.
• நெஞ்சு வலிக்கான தெளிப்பு மருந்தையும் வாய்க்கான தெளிப்பு மருந்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

உமிழ்நீர் ஏன் தேவை?

உமிழ்நீரை நாம் எச்சில் என்றும் சொல்கிறோம். ஒரு நாளில் ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை அது சுரக்கிறது. காதுகளுக்கு முன்னால், கீழ்த்தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என மூன்று இணைப் பெரிய சுரப்பிகள் இருக்கின்றன. உதடுகளிலும் கன்னங்களின் உட்புறத்திலும் சிறு சுரப்பிகள் பல உள்ளன.

உமிழ்நீர் உணவை நனைத்து, எளிதாக விழுங்க உதவுகிறது. உணவின் சுவை உமிழ்நீரில் கரைந்த பிறகே நாக்குக்குத் தெரியும். சாப்பிட்டபின் பற்களில் படியும் அமிலத்தைக் கழுவி, பற்களுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பக் கொடுப்பதும் உமிழ்நீர்தான். கிருமிகளைக் கட்டுப்படுத்துவதற்கும் பொய்ப்பல் ஈறில் உறுதியாக ஒட்டியிருப்பதற்கும் அது வேண்டும்.

உமிழ்நீர் குறையும்போது இவை எல்லாம் பாதிக்கப்படுகின்றன. குறிப்பாக, ஈறு இறங்கிய இடங்களில் வெளியே தெரியும் பல்லின் வேர்ப்பகுதி விரைவில் சொத்தையாகும். பல ஆண்டுகளாக நன்றாக இருந்த பற்கள்கூட குறுகிய காலத்தில் கெட்டுவிடலாம். வாயில் பூஞ்சைத் தொற்று வரலாம். உணவு தொண்டையில் சிக்குவதால் சிலர் சோற்றையும் காய்கறிகளையும் குறைத்துக்கொண்டு, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டே நாளைக் கழிக்கிறார்கள். இதனால் உடல் எடையும் வலுவும் குறையும்.

வாய் வறட்சி எதனால் வருகிறது?

மருந்துகள்: மூத்தோரிடையே இதுவே மிகவும் பொதுவான காரணம். உயர் ரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகள், உடலிலுள்ள நீரை வெளியேற்றும் மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் மருந்துகள், மனச்சோர்வு மருந்துகள், தூக்க மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் கழிப்பதைக் கட்டுப்படுத்தும் மருந்துகள், பார்க்கின்சன் நோய்க்கான சில மருந்துகள், வீரியமிக்க வலி நிவாரணிகள் ஆகியவை வாயை உலர்த்தக்கூடியவை. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளும்போது வறட்சி கூடுகிறது.

நீரிழிவு நோய்: ரத்தத்தில் சர்க்கரை அளவு கூடும்போது சிறுநீர் அதிகமாகப் போகும், உடல் நீரை இழக்கும், வாய் காயும். இந்தியர்களிடையே நீரிழிவு பரவலாக இருப்பதால், தொடர்ந்து வாய் வறட்சி உள்ளவர்கள் சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.

கதிரியக்கச் சிகிச்சை: தலை, கழுத்துப் பகுதியில் வந்த புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சேதமடைந்திருக்கலாம்.

ஷோக்ரன் நோய்: உடலின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது. பெண்களை அதிகம் பாதிக்கிறது. வாயுடன் கண்களும் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பழக்கங்கள்: புகைபிடித்தல், மது, போதிய அளவு நீர் அருந்தாமை, வாயைத் திறந்துகொண்டு தூங்குதல் ஆகியவையும் வாயை உலர்த்தும்.

தெளிப்பு மருந்து எப்படி வேலை செய்கிறது?

மாங்காய்த் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி யாராவது பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டால், நம் வாயிலும் நீர் ஊறும். புளிப்புச் சுவை நாக்கில் பட்டதும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குக் கட்டளையிடுகிறது. சில நொடிகளில் உமிழ்நீர் சுரக்கிறது. உமிழ்நீரைத் தூண்டும் தெளிப்பு மருந்துகள் இந்த இயல்பைத்தான் பயன்படுத்துகின்றன.

கடையில் ஒன்றுபோலத் தோன்றினாலும், இரண்டு வகைத் தெளிப்பு மருந்துகள் உண்டு.

1. உமிழ்நீரைத் தூண்டும் வகை

இதில் சிறிதளவு பழ அமிலம் இருக்கும். ஆப்பிளில் இயற்கையாக இருக்கும் மாலிக் அமிலம், எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் ஆகியவை பொதுவாகச் சேர்க்கப்படுகின்றன. இவை சுரப்பிகளை வேலை செய்யத் தூண்டுகின்றன. அப்படிச் சுரப்பது உங்கள் சொந்த உமிழ்நீர் என்பதால், பற்களையும் வாயையும் காக்கும் சத்துகள் அதில் இருக்கும்.

ஆனால், சுரப்பிகளில் ஓரளவாவது சுரக்கும் திறன் மிஞ்சியிருந்தால்தான் இது பலன் தரும். மருந்துகளால் வாய் வறட்சி ஏற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் திறன் இருக்கும். கதிரியக்கத்தால் சுரப்பிகள் முழுமையாகச் சேதமடைந்தவர்களுக்கு இதனால் வாய் எரிச்சல்தான் மிஞ்சும்.

2. உமிழ்நீருக்கு ஈடான வகை

இதைச் செயற்கை உமிழ்நீர் என்றும் சொல்வார்கள். கார்மெல்லோஸ், கிளிசரின் போன்ற வழவழப்பான பொருள்கள் இதில் இருக்கும். இது சுரப்பியைத் தூண்டாது. வாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படர்ந்து ஈரத்தைத் தக்கவைக்கும். சுரப்பிகள் மிகவும் பலவீனமாக உள்ளவர்களுக்கும் இரவு நேரத்திற்கும் இது பொருத்தமானது.

எந்த வகை உங்களுக்கு ஏற்றது என்பதைப் பல் மருத்துவர் எளிய சோதனையின்மூலம் கண்டறியலாம். நீங்கள் அமைதியாக உட்கார்ந்து, வாயில் சேரும் உமிழ்நீரை 15 நிமிடங்களுக்குச் சிறு குவளையில் விடவேண்டும். 15 நிமிடங்களில் ஒன்றரை மில்லிலிட்டருக்கு மேல் சேராவிட்டால் சுரப்பு மிகவும் குறைவு என்று பொருள். பிறகு ஒரு மெழுகுத் துண்டை மென்றபடி மீண்டும் அளப்பார்கள். மெல்லும்போது உமிழ்நீர் கூடினால், சுரப்பிகளைத் தூண்ட முடியும் என்று தெரியவரும்.

பலன் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

தெளிப்பு மருந்து வாய் வறட்சியைக் குணப்படுத்தாது. சிறிது நேரம் இதம் தரும். அந்தச் சிறிது நேரத்தில் நிம்மதியாக ஒரு வேளை உணவு சாப்பிடலாம், பேரப்பிள்ளைகளுடன் பேசலாம், கோவிலில் பஜனை பாடலாம்.

ஸ்பெயினின் கிரானடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உயர் ரத்த அழுத்த மருந்துகளால் வாய் வறட்சி ஏற்பட்டவர்களுக்கு 1 விழுக்காடு மாலிக் அமிலம் உள்ள தெளிப்பு மருந்தை 2 வாரங்கள் கொடுத்துப் பார்த்தனர். மருந்தில்லாத போலித் தெளிப்பைப் பயன்படுத்தியவர்களைவிட இவர்களுக்கு வறட்சி குறைந்தது. அந்த ஆய்வு 2013ஆம் ஆண்டு வெளியானது. அதற்கு முன் 2011ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தெளிப்பு மருந்து, ஜெல், வில்லை எனப் பலவற்றையும் ஒப்பிட்டது. வறண்ட உணர்வைப் போக்குவதில் இதுதான் சிறந்தது என்று எதையும் உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று அது கூறியது.

எனவே, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலனளித்தது உங்களுக்கும் பலனளிக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் சிறிய போத்தலாக வாங்குங்கள். 2 வாரங்கள் பயன்படுத்திப் பாருங்கள். சாப்பிடுவது, பேசுவது, தூங்குவது ஆகிய மூன்றிலும் மாற்றம் தெரிகிறதா என்று ஒரு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பலனில்லை என்றால் வேறு வகைக்கு மாறலாம்.

சொந்தப் பற்கள் உள்ளவர்களின் கவனத்திற்கு

பல்லின் வெளிப்பூச்சான எனாமல் அமிலத்தில் கரையக்கூடியது. வாயில் போதிய உமிழ்நீர் இருந்தால் அது அமிலத்தைக் கழுவிவிடும். உங்கள் வாயில் உமிழ்நீர் குறைவு என்பதால் அமிலம் பற்களில் அதிக நேரம் தங்கும்.

• புளிப்பு வகையை வாங்கும்போது, பற்களைக் காக்க ஃபுளூரைடு சேர்க்கப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் சேர்த்தவை நல்லது.
• சிட்டையில் குறிப்பிட்டதைவிடக் கூடுதலான முறை தெளிக்காதீர்கள்.
• தெளித்த உடனே பல் துலக்காதீர்கள். 30 நிமிடங்கள் கழித்துத் துலக்குங்கள்.
• படுக்கப் போகும்போது புளிப்பு வகையைத் தவிருங்கள். தூங்கும்போது உமிழ்நீர் இயல்பாகவே மிகவும் குறைந்துவிடும். அப்போது அமிலத்தைக் கழுவ வழியில்லை. இரவில் புளிப்பில்லாத தெளிப்பு மருந்தையோ வாய் ஈரப்பத ஜெல்லையோ பயன்படுத்துங்கள்.

வாயில் புண் இருக்கும்போதும் புளிப்பு வகை எரிச்சல் தரும். புண் ஆறும்வரை நிறுத்திவையுங்கள். பற்கள் முழுவதும் விழுந்து, பொய்ப்பல் மட்டும் அணிபவர்களுக்குப் பல் கரையும் கவலை இல்லை.

தெளிப்பு மருந்தைப் பயன்படுத்தும் முறை

1. கைகளைக் கழுவுங்கள். நேராக உட்காருங்கள். படுத்த நிலையில் தெளிக்காதீர்கள்.
2. ஒரு வாய் தண்ணீரால் கொப்பளித்துத் துப்புங்கள். உணவுத் துணுக்குகள் இருந்தால் மருந்து சரியாகப் படராது.
3. புதிய போத்தல் என்றால், மெல்லிய தூறல் வரும்வரை கைகழுவும் தொட்டியில் சில முறை அழுத்துங்கள். குலுக்க வேண்டுமா என்று சிட்டையைப் பாருங்கள்.
4. வாயைத் திறந்து, ஒரு கன்னத்தின் உட்புறத்தில் ஒரு முறையும் மறு கன்னத்தின் உட்புறத்தில் ஒரு முறையும் தெளியுங்கள். தேவைப்பட்டால் நாக்கின்மேல் ஒரு முறை தெளிக்கலாம். தொண்டையை நோக்கித் தெளிக்காதீர்கள்.
5. தெளிக்கும் நொடியில் மூச்சை உள்ளே இழுக்காதீர்கள். இது ஆஸ்துமா மருந்தைப்போல் நுரையீரலுக்குள் போகவேண்டிய மருந்தன்று.
6. நாக்கால் வாய் முழுவதும் பரப்புங்கள். ஊறிவரும் உமிழ்நீரைத் துப்ப வேண்டாம். அது உங்களுக்குத் தேவை.
7. போத்தலின் முனையைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுங்கள். போத்தலைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

சாப்பிடுவதற்குச் சற்று முன்பும், நீண்ட நேரம் பேசுவதற்கு முன்பும், எம்ஆர்டியிலோ பேருந்திலோ வெளியே செல்லும்போதும் தெளிப்பு மருந்து கைகொடுக்கும். மூட்டுவலியால் விரலால் அழுத்தச் சிரமப்படுபவர்கள், எளிதாக அழுத்தக்கூடிய போத்தல் உள்ளதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். கடையில் மாதிரிப் போத்தல் இருந்தால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

போத்தலை மாற்றி எடுத்துவிடாதீர்கள்

பல வீடுகளில் மருந்துப் பெட்டிக்குள் சின்னச் சின்னத் தெளிப்புப் போத்தல்கள் பல இருக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் குழப்பம் வரலாம்.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் தெளிக்கும் மருந்து, வாய் வறட்சிக்கான மருந்தன்று. வாய் காய்கிறதென்று அதைத் தெளித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழ நேரிடும். நெஞ்சு வலி வரும்போது அதற்குப் பதிலாக வாய்த் தெளிப்பை எடுத்துவிட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டையும் வேறு வேறு இடங்களில் வையுங்கள். இதயத்திற்கான போத்தலில் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டி, பெரிய எழுத்தில் “நெஞ்சு வலி” என்று எழுதிவையுங்கள்.

இதயநோய் உள்ளவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கரைவதற்கு உமிழ்நீர் தேவை. வாய் உலர்ந்திருந்தால் அது கரையத் தாமதமாகும். மாத்திரையை வைப்பதற்கு முன் ஒரு மிடறு தண்ணீரால் வாயை நனைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாய் வறட்சி இருப்பதை அடுத்த முறை இதய மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பதிலாகத் தெளிப்பு வடிவம் தரலாமா என்று அவர் முடிவு செய்வார். மருத்துவர் சொன்னபடி மருந்தைப் பயன்படுத்திய பிறகும் நெஞ்சு வலி நீடித்தால் தாமதிக்காமல் 995ஐ அழையுங்கள்.

தொண்டை வலிக்காகத் தெளிக்கும் கிருமிநாசினியும் வாய் மணத்திற்கான தெளிப்பும் வாய் வறட்சிக்குப் பயன்படாது. வாய் மணத்திற்கானவற்றில் மதுசாரம் இருந்தால் வறட்சி இன்னும் கூடும்.

தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களுக்கு

ரத்தச் சுத்திகரிப்பு சிகிச்சை பெறுபவர்களும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் ஒரு நாளில் இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். இவர்களுக்கு வாய் வறட்சி பெரிய சோதனை. தாகத்தில் கூடுதலாகக் குடித்தால் காலில் வீக்கமும் மூச்சுத்திணறலும் வரலாம். தெளிப்பு மருந்தில் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவு நீர்தான் வெளியாகிறது. எனவே, குடிக்கும் அளவைக் கூட்டாமல் வாயை ஈரமாக வைத்துக்கொள்ள இது உதவும். எந்தத் தெளிப்பு மருந்து பொருத்தமானது என்று உங்கள் சிகிச்சை நிலையத் தாதியிடம் கேளுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லாதவர்கள் நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தண்ணீர் அருந்துங்கள்.
• சோற்றுடன் ரசம், மோர், குழம்பு என நீர்ப்பதமானவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கஞ்சி, நன்கு நனைத்த இடியாப்பம், சாம்பாரில் ஊறிய இட்லி ஆகியவை விழுங்க எளிதானவை. முறுக்கு, காய்ந்த ரொட்டி போன்றவற்றைக் குறையுங்கள். காரமும் மிகுந்த உப்பும் வறண்ட வாயில் எரியும்.
• காலையும் இரவும் ஃபுளூரைடு உள்ள பற்பசையால் பல் துலக்குங்கள். இரவில் துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீரால் பலமுறை கொப்பளிக்க வேண்டாம்.
• மதுசாரம் கலந்த வாய்க் கொப்பளிப்பானைத் தவிருங்கள்.
• பொய்ப்பல்லை இரவில் கழற்றிச் சுத்தம் செய்து, தண்ணீரில் போட்டு வையுங்கள்.
• மின்விசிறிக் காற்று நேரே முகத்தில் படாதபடி படுங்கள்.
• வெற்றிலை பாக்கைத் தவிருங்கள். மெல்லும்போது எச்சில் ஊறினாலும், பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. புகையிலை சேர்த்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலுமிச்சைத் துண்டையோ ஆசாம் பொய்யையோ வாயில் போட்டுக்கொண்டால் போதாதா?

எச்சில் ஊறும் என்பது உண்மை. ஆனால் அவற்றிலுள்ள அமிலம் அளவில்லாமல் பற்களில் படும். ஆசாம் பொய்யில் உப்பும் சர்க்கரையும் அதிகம். உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று. புளிப்பு மிட்டாயும் அப்படித்தான். மிட்டாய் வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் சூயிங் கம் மெல்லச் சொல்கிறான். இங்கு கிடைக்குமா?

சர்க்கரை இல்லாத சூயிங் கம் உமிழ்நீரைத் தூண்டும். சிங்கப்பூரில் 1992 முதல் சூயிங் கம் இறக்குமதி தடை செய்யப்பட்டுள்ளது. 2004 முதல் பற்களின் நலனுக்கான சில வகைகளுக்கு அனுமதி உண்டு. அவற்றைப் பற்றி மருந்தாளரிடமோ பல் மருத்துவரிடமோ கேளுங்கள். பொய்ப்பல் அணிபவர்களுக்கும் மெல்ல முடியாதவர்களுக்கும் தெளிப்பு மருந்தே எளிது.

எனக்கு நீரிழிவு உள்ளது. தெளிப்பு மருந்து பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். சர்க்கரை இல்லாதது என்று சிட்டையில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாமல் வாய் காய்ந்தால், முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

மருந்தில் விலங்குப் பொருள் கலந்திருக்குமா?

செயற்கை உமிழ்நீரில் சில வகைகள் மியூசின் என்னும் பொருளைக் கொண்டவை. அது பன்றியின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது உண்டு. சமய, உணவுக் காரணங்களால் அதைத் தவிர்க்க விரும்புவோர் வாங்கும் முன் மருந்தாளரிடம் தெரிவியுங்கள். கார்மெல்லோஸ் தாவரத்திலிருந்து எடுக்கப்படுவது. மற்ற பொருள்களையும் அவர் உங்களுக்காகச் சரிபார்ப்பார்.

நோன்பு காலத்தில் என்ன செய்வது?

சஹர் உணவுக்குப் பிறகும் நோன்பு திறந்த பிறகும் பயன்படுத்துங்கள். பகலில் பயன்படுத்தலாமா என்பதை உங்கள் மருத்துவரிடமும் உஸ்தாஸிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மாத்திரை எதுவும் இல்லையா?

பைலோகார்பின் என்னும் மாத்திரை உமிழ்நீர் சுரக்க உதவும். கதிரியக்கச் சிகிச்சைக்குப் பிறகும் ஷோக்ரன் நோய்க்கும் அது தரப்படுகிறது. அதிகம் வியர்ப்பது, அடிக்கடி சிறுநீர் வருவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமாவும் சில வகைக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. மருத்துவரின் பரிந்துரை இல்லாமல் உட்கொள்ளக் கூடாது.

பராமரிப்பாளர்களுக்கு

நினைவாற்றல் குறைந்தவர்களும் படுக்கையில் இருப்பவர்களும் வாய் காய்வதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். சாப்பிட மறுப்பது, பொய்ப்பல்லைக் கழற்றி எறிவது, உதடு வெடிப்பது, வாயோரம் புண்ணாவது ஆகியவை அடையாளங்களாக இருக்கலாம். ஒவ்வொரு நாளும் வாயின் உட்புறத்தைப் பாருங்கள்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் தெளிப்பு மருந்து தருவதற்கு முன் பேச்சு, விழுங்கு சிகிச்சையாளரிடம் கேளுங்கள். ஊறும் உமிழ்நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது. மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதையும் தெளிக்காதீர்கள். தெளிப்பு மருந்தைவிட, பஞ்சில் ஜெல்லைத் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவுவது சிலருக்குப் பாதுகாப்பானது. இல்லப் பணிப்பெண் உதவி செய்தால், அவருக்கும் செய்துகாட்டுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

• வாய் வறட்சி 2 வாரங்களுக்குமேல் நீடித்தால்
• தீராத தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் சேர்ந்திருந்தால்
• நாக்கிலோ கன்னத்திலோ வெள்ளைப் படலமோ, எரியும் சிவப்புத் திட்டோ தெரிந்தால்
• காதுக்கு முன்னாலோ தாடைக்கு அடியிலோ வீங்கி வலித்தால்
• வாய்ப்புண் 2 வாரங்களாகியும் ஆறாவிட்டால்
• உணவு விழுங்க முடியாமல் உடல் எடை குறைந்தால்

நீங்கள் வழக்கமாகச் செல்லும் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். போகும்போது, நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் வாங்கிய சளி மருந்து, பாரம்பரிய மருந்து, ஊரிலிருந்து வந்த லேகியம் எதையும் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “டாக்டர், எனக்கு வாய் ரொம்பக் காய்கிறது. இந்த மருந்துகளில் ஏதாவது காரணமாக இருக்குமா? மாற்ற முடியுமா?” சில நேரங்களில் மருந்தின் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், அல்லது உட்கொள்ளும் நேரத்தை மாற்றலாம். மாற்றவே முடியாத மருந்துகளும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவது பக்கவாதத்திற்கும் மாரடைப்புக்கும் வழிவகுக்கலாம். அத்தகைய மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, வறட்சியைச் சமாளிக்கத் தெளிப்பு மருந்தைப் பயன்படுத்துவதே சரியான வழி.

பல் மருத்துவரையும் 6 மாதங்களுக்கு ஒருமுறை பாருங்கள். அவர் சொன்னால் அதைவிட அடிக்கடி செல்லுங்கள். வேர்ச்சொத்தை தொடக்கத்தில் வலிக்காது. வலிக்கும்போது பல்லைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும். சாஸ் அட்டை, முன்னோடித் தலைமுறை அட்டை, மெர்டேக்கா தலைமுறை அட்டை ஆகியவற்றில் எது உங்களிடம் இருந்தாலும் அதை எடுத்துச் செல்லுங்கள். சாஸ் திட்டத்தில் பங்கேற்கும் பல் மருந்தகங்களில் உங்களுக்கு எவ்வளவு கட்டணக் கழிவு கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கையேட்டைக் குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். இங்குள்ள தகவல்கள் பொதுவானவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளர் ஆகியோரிடம் பெறுங்கள்.